அம்பவா: படித்துறையில் ஒரு சாயங்காலம்

பாங்காக்கைச் சுற்றி மிதக்கும் சந்தைகள் பல உண்டு. பெயர்பெற்றவை பெரும்பாலும் காலைச் சந்தைகள். சமுத் சொங்க்ராம் மாகாணத்து அம்பவா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறுகளில், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகே களைகட்டும். அம்மாவை வெயிலில் அலைக்கழிக்க வேண்டாம் என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தோம். வேனில் ஒன்றரை மணி நேரம். தாய்லாந்தின் இரண்டாம் ராமா மன்னர் 1767-ல் பிறந்த ஊர். அவர் நினைவுப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, நாங்கள் போகவில்லை.

கால்வாயின் இரு கரையிலும் பழைய மரவீடுகள், முன்கட்டெல்லாம் கடை. மே குளோங் ஆற்றில் சேரும் கால்வாய் இது. கடல் கிட்டத்தில் இருப்பதால் நீர் ஏறி இறங்கும். அன்று வற்றம். பாசி பிடித்த கீழ்ப்படிகள் வெளியே தெரிந்தன. படகுக்குள்ளேயே கரி அடுப்பு மூட்டி இறாலும் கணவாயும் சுட்டு, தட்டை எக்கி மேலே நீட்டுகிறார்கள். படியில் உட்கார்ந்தே சாப்பிட வேண்டும். மகள் தன் பங்கை முடித்துவிட்டு என் தட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா சைவம், மீன் சாறு விடாத பதார்த்தம் கிடைப்பது இந்த ஊரில் பெரும்பாடு. உரித்து அடுக்கிய பம்பளிமாஸ் சுளைதான் கைகொடுத்தது. இந்தப் பக்கத்துத் தோப்புகளில் விளைவது, கசப்பே இல்லை.

அம்மா நகர மறுத்த இடம் தென்னஞ்சர்க்கரைக் கடை. பாளையைச் சீவி இறக்கிய சாற்றை அகலச் சட்டியில் காய்ச்சி, இறுகி வரும்போது கடைந்து, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி வைத்திருந்தார்கள். "சுண்ணாம்பு தடவாம எப்படிடா புளிக்காம இருக்கு? கேளு!" என்றார். மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டினேன். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே சாறு பிடிக்கும் குழாயைச் சாய்த்துக் காட்டினார். அடியில் நாலைந்து மரச்சிராய்கள். அந்த மரத்தின் துவர்ப்புதான் சாறு புளிக்காமல் பார்த்துக்கொள்கிறதாம். பதநீர்ப் பானைக்குச் சுண்ணாம்பு செய்யும் வேலை, இங்கே மரத்துண்டுக்கு. அம்மா ஒரு சிராயை வாங்கி முகர்ந்தும் பார்த்துவிட்டார். அதன் பிறகு இருவருக்கும் செயலி தேவைப்படவில்லை.

இருட்டியதும் மின்மினி பார்க்கப் படகுகள் கிளம்பும். ஆற்றோரத்து லம்பு மரங்களில் அவை ஒன்றுபோல மினுக்கும். நிலா இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். படகு எஞ்சினின் இரைச்சலும் கரையில் வீடுகளும் சேர்ந்து எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. துடுப்புப் படகு கிடைத்தால் விடாதீர்கள். வேனில் வருபவர்கள் இறங்கியதுமே கடைசி வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது. மின்மினிக்கு நின்றால் அது போய்விடலாம்.

சர்க்கரை வாங்கும்போது கல் போலிருப்பதைத் தவிருங்கள், அதில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சுத்தமானது விரல் பட்டால் அமுங்கும், சூட்டில் இளகும். நாங்கள் வாங்கியது பாங்காக் போவதற்குள் பைக்குள் ஒழுகி, மகளின் துண்டு முழுக்கப் பிசுபிசுத்துவிட்டது. "நல்ல சரக்குன்னு இப்பவாவது நம்புறியா?" என்றார் அம்மா.