ஐம்பதுக்கு மேல் முதல் 50 கி.மீ.: 28 வாரப் பயிற்சிக் குறிப்புகள்

42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ராதான். முதல் முறைக்கு 50 கி.மீ. போதும். மாரத்தானைவிட எட்டு கி.மீ.கூட அதிகமில்லை. ஆனால் ஏழு மணி நேரம் காலில் நிற்க வேண்டியிருப்பதால் பயிற்சியின் கணக்கே மாறிவிடுகிறது. கீழே உள்ளது ஜூலை தொடக்கத்தில் சென்னையில் ஆரம்பித்து ஜனவரி நடுவில் முடியும் கணக்கு. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர்கள், அரை மாரத்தான் ஒன்றிரண்டு முடித்தவர்கள், வாரம் 30 கி.மீ. வலியில்லாமல் ஓடுபவர்கள் இதைப் பின்பற்றலாம். அந்த 30 இன்னும் வரவில்லை என்றால் அதை முதலில் முடித்துவிட்டு வருவது நல்லது.

இந்த வயதில் முதலில் தேறுவது மூச்சு, கடைசியில் தேறுவது தசைநாண். ஆறே வாரத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு குறைந்து, 'இன்னும் கொஞ்சம் ஓடலாமே' என்று தோன்றும். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் நாண் அந்த ஓட்டத்துக்குத் தயாராகப் பல மாதங்கள் ஆகும். காயங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. அதனால் இந்த 28 வாரத்துக்கும் வேகத்தைத் தீர்மானிப்பது ஆடுசதையும் அக்கிலிஸும்தான். நுரையீரலிடம் கேட்க வேண்டாம்.

வாரம் 0: டாக்டர்

ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட், ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை, கிரியாட்டினின், ஹீமோகுளோபின், வைட்டமின் டி. மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு அடர்த்தியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டி, 'ஏழு மணி நேரம் வெயிலில் ஓடப் போகிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மெட்டோபிரோலால், அட்டெனோலால் போல 'ஓலால்' என்று முடியும் மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாது. வாட்ச் காட்டும் துடிப்பு மண்டலங்கள் அவர்களுக்குப் பொருந்தாது. சிறுநீர் பிரியவைக்கும் பிரஷர் மாத்திரைகள் உடம்பின் உப்பைக் குறைக்கும். கிளிமிபிரைடு சர்க்கரையைத் திடீரென்று இறக்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு பட்டினியும் நீண்ட ஓட்டமும் சேர்ந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோ அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. எதை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும். வாட்ஸ்அப் குழு சொல்ல வேண்டாம்.

வாரம் 1–6: அடித்தளம்

செவ்வாய் 8 கி.மீ., வியாழன் 8 முதல் 10, ஞாயிறு 14 முதல் 16. அவ்வளவுதான். எல்லாமே ஈஸி ரன். 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு உத்தேசமாகக் கிடைக்கும். 55 வயதுக்கு 169 அல்லது 170. அதில் முக்கால் பங்கு, அதாவது 127 வரைக்கும் ஈஸி. ஜூலையில் கடற்கரைப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கு துடிப்பு பத்து, பதினைந்து கூடும் என்பதால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஓடிக்கொண்டே ஒரு குறளை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. குறளின் முதல் அடியிலேயே மூச்சு முட்டினால் நடக்கலாம், வெட்கமில்லை.

ஸ்ட்ரெங்த் பயிற்சியை இந்த ஆறு வாரத்தில் பழக்கமாக்கவில்லை என்றால் பிறகு அது வரவே வராது. செவ்வாய், வியாழன் ஓட்டம் முடிந்த அன்றே, மாலையில் அரை மணி நேரம். ஓய்வு நாளில் வைத்தால் அது ஓய்வு நாளே இல்லை. படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை உயர்த்தி, மூன்று நொடி எடுத்து மெதுவாக இறக்குவது 15 முறை, மூன்று சுற்று. முழங்காலை நீட்டி ஒன்று, லேசாக மடக்கி ஒன்று. ஆடுசதையின் உள் அடுக்கு மடக்கிய நிலையில்தான் அதிகம் வேலை செய்கிறது, பலர் விடுவதும் அதைத்தான். இரண்டு காலால் எளிதானதும் ஒற்றைக் கால், அதுவும் எளிதானதும் முதுகுப் பையில் 5 கிலோ அரிசி. 20 செ.மீ. படியிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவது எட்டு முறை, மூன்று சுற்று. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது). வேறு கருவி எதுவும் வேண்டாம்.

இதற்குச் சோறும் ஒத்துழைக்க வேண்டும். எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம். 65 கிலோ ஆளுக்கு 80 முதல் 100 கிராம். இட்லி, சாம்பார், ரசம் சாதம் என்று ஓடும் நாளில் இது பாதிகூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 அல்லது 9. வயது ஏறினால் தசை அதே புரதத்துக்குக் குறைவாகவே பதில் தருகிறது. எனவே ஒரே வேளையில் மொத்தமாகத் திணிக்காமல் மூன்று வேளைக்கும் 25 முதல் 30 கிராமாகப் பிரித்துக்கொள்வது மேல்.

வாரம் 7–24: பதினான்கு நாள் சுற்று

வாராவாரம் லாங் ரன் என்பது முப்பது வயதுக்காரர்களின் அட்டவணை. இங்கே ஒரு ஞாயிறு லாங் ரன், அடுத்த ஞாயிறு 14 அல்லது 16 கி.மீ. மட்டும். பத்து நாளுக்கு ஒரு லாங் ரன் இன்னும் பொருத்தம்தான், ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பத்தாவது நாள் புதன்கிழமையில் வந்து நிற்கும். ஒன்பது சுற்றுகளுக்கான தூரம்: 18, 21, 24, 16, 27, 30, 20, 33, 36. நடுவில் இறங்கும் 16-ஐயும் 20-ஐயும் 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஏற்றிவிடுகிறவர்கள் அடுத்த சுற்றில் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். 36-க்கு மேல் பயிற்சியில் போக வேண்டியதில்லை. ஐந்தரை மணி நேரத்தைத் தாண்டும் லாங் ரன் தரும் பலனைவிட அதிலிருந்து தேற ஆகும் நாள்கள் அதிகம்.

தினமும் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் பத்து அடிதான் அன்றைய அறிக்கை. அக்கிலிஸ் இறுக்கம் பத்து அடிக்குள் விட்டுவிட்டால் ஓடலாம். குளியலறை போய் வந்த பிறகும் இருந்தால் அன்று நடை மட்டும். ஓடும்போது வலி பத்துக்கு மூன்று வரை இருந்து, நடையை நொண்டவைக்காமல், மறுநாள் கூடாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எழுந்தவுடன் எண்ணும் துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இரண்டு நாள் நின்றால் உடம்பு இன்னும் தேறவில்லை அல்லது காய்ச்சல் வரப்போகிறது.

லாங் ரன் முழுக்க நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. களைத்த பிறகு நடப்பது வேறு. இது முதல் கிலோமீட்டரிலிருந்தே. ஓட்டம் கி.மீ.க்கு 7:30, நடை 10:30 என்றால் சராசரி 7:57 வரும். அதே கணக்கில் 50 கி.மீ. 6 மணி 38 நிமிடம். பன்னிரண்டு தண்ணீர்ப் பந்தலில் இரண்டு நிமிடம் வீதம் நின்றால் ஏறக்குறைய 7:02. எட்டு மணி நேரக் கட்-ஆஃப் (முடிக்க வேண்டிய கெடு) உள்ள போட்டியில் ஒரு மணி நேரம் கையிருப்பு. அந்தக் கையிருப்பைத் தின்பது மெதுவான நடை. பூங்காவில் பேசிக்கொண்டு நடக்கும் வேகம் கி.மீ.க்கு 12 நிமிடம். கடைசி 15 கி.மீ. முழுக்க நடக்க நேர்ந்தால் 12-க்கும் 10:30-க்கும் வித்தியாசம் 22 நிமிடத்துக்கு மேல். அதனால் வெள்ளிக்கிழமைகளில் 5 கி.மீ. வேக நடை தனிப் பயிற்சியாகவே சேர வேண்டும்: முழங்கை மடக்கி, அடி சிறிதாக, கை வேகமாக.

வயிற்றுக்கும் பயிற்சி உண்டு. 24 கி.மீ.யிலிருந்து ஒவ்வொரு லாங் ரன்னிலும் மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், முதல் அரை மணியிலேயே தொடங்கி. பசித்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது. அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் குளுக்கோஸ் பொடி, கால் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சை. மணிக்கு ஒரு பாட்டில், கூட ஒரு பூவன் பழம். கடலை மிட்டாய் முதல் இரண்டு மணிக்கு நல்லது. கடலையின் கொழுப்பு மெதுவாகச் செரிப்பதால் பிற்பகுதியில் வயிற்றில் கல்லாகக் கிடக்கும். அப்போது வெல்லக் கட்டியும் பேரீச்சையும் இறங்கும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம் என்பது ஒரு தவறான நம்பிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். உப்புக்கு அருமை, ஆனால் எரிபொருளாகப் பார்த்தால் ஒரு லிட்டர் குடித்தாலும் கால் மணி நேரத்துக்குத்தான் காணும். இளநீரோ நேர்மாறு: பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஓடி முடித்த பிறகு இளநீர் இனிமை. ஓட்டத்தின் நடுவில் அதை நம்பி உப்பை விடக் கூடாது.

எவ்வளவு குடிப்பது? ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் தெரியும். 68.4 கிலோ 67.5 ஆகி, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால் வியர்வை 1.2 லிட்டர். அத்தனையையும் திருப்பிக் குடிக்க வயிறு இடம் தராது, தேவையும் இல்லை. தாகத்துக்கு, மணிக்கு 500 முதல் 700 மி.லி. போட்டி முடிவில் எடை இரண்டு சதவீதம் குறைந்திருப்பது இயல்பு; கூடியிருந்தால்தான் கவலை. வெறும் தண்ணீரை மண்டிக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து, விரல் வீங்கி மோதிரம் இறுகும், தலை வலிக்கும், குமட்டும், பேச்சு குழறும். மெதுவாக ஓடுபவர்களுக்கே இது அதிகம் வருகிறது, குடிக்க நேரம் நிறைய இருப்பதால்.

இடங்கள். 27 கி.மீ. வரும் ஞாயிறுக்குத் திருவண்ணாமலை கிரிவலப் பாதை கச்சிதம்: ஒரு சுற்று 14 கி.மீ., இரண்டு சுற்று 28. வண்டியிலோ அறையிலோ பையை வைத்துவிட்டு சுற்றுக்கு ஒரு முறை நிரப்பிக்கொள்ளலாம். பௌர்ணமியும் அதன் முன்பின் நாள்களும் கூடாது. சுற்றுப் பாதையின் கஷ்டம், ஒவ்வொரு சுற்று முடிவிலும் வண்டி கண்ணில் படுவது; அதைத் தாண்டி ஓடப் பழகுவதும் பயிற்சிதான். மேடு பள்ளத்துக்குச் சென்னையில் பரங்கிமலைப் படிகளும் மேம்பாலங்களும்தான் கதி. போட்டி மலைப்பாதையில் என்றால் ஏலகிரிக்கு இரண்டு மூன்று முறையாவது போக வேண்டும். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர். ஏற்றம் முழுக்க நடை. பயிற்சி இறக்கத்தில் இருக்கிறது: தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் மறுநாள் படியிறங்க முடியாமல் வலிக்கும், ஆனால் ஒரு முறை அப்படி வலித்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தைத் தாங்கும். முதல் தடவை 4 கி.மீ. இறக்கம் போதும். வண்டிகள் எதிரே வரும் பக்கமாக ஓடலாம். பார்வை மறையும் வளைவில் மட்டும் ஓரம் மாற வேண்டும். குரங்குகள் கண்ணில் படும்படி பிளாஸ்டிக் பை வேண்டாம்.

கண்ணாடி அணிபவர்களுக்கு ஒன்று. இருபார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கானது. இறக்கத்தில் அதன் வழியாகத் தரையைப் பார்த்தால் கல் மங்கலாகத் தெரியும். தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கு மட்டுமான கண்ணாடியே ஓட்டத்துக்கு. வாட்சில் பெரிய எழுத்தில் இரண்டே எண் வைத்துக்கொண்டால் சாளேசுரம் தொல்லை செய்யாது.

30 கி.மீ. வரும் சமயம் ஐப்பசி மழை. தேங்கிய நீரில் ஓடவே கூடாது. திறந்த பாதாளச் சாக்கடை கண்ணுக்குத் தெரியாது, எலிக்காய்ச்சலும் அந்தத் தண்ணீரில்தான். ஒரு ஞாயிறு கைவிட்டுப்போனால் போகட்டும், அடுத்த ஞாயிறில் இரண்டையும் சேர்க்க வேண்டாம். ஈரக் காலுறை கொப்புளத்தைக் கொண்டுவரும்: பருத்தி வேண்டாம், செயற்கை இழை, சூடு எரியும் இடத்தில் கொப்புளம் எழும் முன்பே டேப். ஷூ வழக்கத்தைவிட அரை அளவு பெரிது, மாலையில் கால் வீங்கியிருக்கும்போது வாங்குவது. தொடை இடுக்குக்கு வாசலின். தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரத்தில் வியர்வையோடு வழிந்துவிடும். பிரசவம் கண்ட பெண்கள் பலருக்கு மூன்றாவது மணியில் சிறுநீர்க் கசிவு இருக்கும். பேட் வைத்துக்கொண்டு சமாளிப்பதோடு நிற்காமல் இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபியும் பார்க்கலாம், பலருக்குக் குறைகிறது.

36 கி.மீ. மார்கழி பிறக்கும் வாக்கில் வரும். நான்கு மணிக்குக் கிளம்பினால் நெற்றி விளக்கு வேண்டும். ஐந்தரைக்குக் கோலம் போடுபவர்களைச் சுற்றி ஓட வேண்டியிருக்கும், அந்த ஓட்டத்தில் இது ஒன்றுதான் சுகம்.

வாரம் 25–28: குறைப்பு

ஞாயிறு ஓட்டம் 22, 16, 10, பிறகு போட்டி. கடைசி மலை இறக்கம் மூன்று வாரத்துக்கு முன். இந்த நாள்களில் இல்லாத வலியெல்லாம் புதிதாகத் தோன்றும். பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாம். நான்கு நாளுக்கு முன் கால் நகம் நேராக வெட்டி ஓரத்தை ராவிவிட வேண்டும். கடைசி இரண்டு நாள் சோறு கூட, கூட்டும் பயறும் குறைய.

போட்டியன்று வலி மாத்திரை கூடாது. ஐபூபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நீர் வற்றிய சிறுநீரகத்தைப் பாதிக்கும். பிரஷருக்கு டெல்மிசார்டன் எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். முடிந்த பிறகும், சிறுநீர் தாராளமாகப் போகும் வரை வேண்டாம். அது கோலா நிறத்தில் போனாலோ, பல மணி நேரம் போகாமலே இருந்தாலோ தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று எண்ணி அன்றே ஆஸ்பத்திரி.

அதன் பிறகு ஒரு வாரம் நடை, இரண்டாம் வாரம் ஆடுசதைப் பயிற்சியை எடை இல்லாமல் மறுபடி. முதல் ஓட்டம் மூன்றாம் வாரம், 5 கி.மீ., காலை இறுக்கம் பத்து அடிக்குள் விட்டால் மட்டும்.