மூன்று விரல்

இரண்டாவது பிரசவம் முடிந்து ஐந்தாவது மாதம். டவுன் பஸ்ஸில் ஒரு அக்கா எழுந்து இடம் கொடுத்து, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன்.

எடை பழையபடி இறங்கியிருந்தது, வயிறு மட்டும் அப்படியே நின்றது. அம்மா பழைய பருத்திச் சேலையை மடித்து நாற்பது நாளும் இறுக்கிக் கட்டிவிட்டாள். நானும் யூடியூப் பார்த்துத் தினமும் 50 சிட்-அப் எடுத்தேன். இடுப்புவலி கூடியதுதான் மிச்சம். எழும்போதெல்லாம் தொப்புளுக்கு மேலே நடுவயிறு கூம்பாகப் புடைத்தது. தொப்பைதானே என்று, பால் கொடுக்கிற நாட்களிலேயே ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தேன். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

பிசியோதெரபி அக்கா மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொன்னார். என் கையைப் பிடித்துத் தொப்புளுக்கு மேல் வைத்தார். மூன்று விரல் குறுக்கே பள்ளத்தில் இறங்கியது. வயிற்றின் முன்னால் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப்பட்டைகளை நடுவில் இணைக்கிற திசு, கர்ப்பத்தில் விரிந்து மெலிந்துவிடுகிறதாம். பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு முதல் எட்டு வாரத்தில் அந்தத் தசைகள் தானாகவே பெருமளவு நெருங்கிவிடும். எனக்கு நெருங்கவில்லை. குடலிறக்கம் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே பயிற்சி தொடங்கியது.

பயிற்சி என்றால் முதலில் மூச்சு மட்டும்தான். உள்ளிழுக்கும்போது விலா விரிய வேண்டும். விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோலக் கீழிருந்து மேலே இழுத்து, அடிவயிற்றை மெல்ல உள்வாங்க வேண்டும். பத்துப் பத்தாக மூன்று வேளை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது. ஆனால் மூன்றாவது வாரம், அதுவரை செத்துக் கிடந்த அடிவயிறு கைக்கு அடியில் இறுகுவது தெரிந்தது! பிறகு படுத்தபடி குதிகாலைத் தரையில் தேய்த்துக் காலை நீட்டி மடக்குவது, இடுப்பைத் தூக்குவது. வயிறு கூம்பினால் உடனே முந்தைய படிக்குத் திரும்பிவிட வேண்டும்.

அதைவிட முக்கியம் அன்றாடப் பழக்கம். படுக்கையில் நேராக எழாமல் ஒருக்களித்துக் கையூன்றி எழுந்தேன். குடமோ பிள்ளையோ, தூக்கும்போது மூச்சை அடக்காமல் விட்டபடி தூக்கினேன். மலச்சிக்கலில் முக்கவும் கூடாது. அம்மாவிடம் மன்றாடிப் பத்தியத்தில் கீரையும் காயும் சேர்த்தேன். சேலைக்கட்டு தாங்கலாக இருக்கும், ஆனால் தசையின் வேலையை அது செய்யாது என்றார் அக்கா. ரொம்ப இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்குமாம். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தை ஆசையோடு செய்தாள்.

ஆறு மாதத்தில் அந்த மூன்று விரல் இடைவெளி ஒன்றரை விரலானது. பள்ளமும் ஆழமில்லை. தும்மினால் சிறுநீர் கசிந்ததும் நின்றது, இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

போன வாரம் அம்மாவுக்கு இதைப் பாயில் படுத்துக் காட்டினேன். அவளும் பக்கத்தில் படுத்துத் தலையைத் தூக்கி, தன் வயிற்றில் விரலை வைத்தாள்.

"எனக்கும் இருக்குடி," என்றாள். முப்பது வருஷமாக.