அடிமட்டத்தால் கீறிய கோடுகள்

எங்கள் புவியியல் சேர் காலமான செய்தி சென்ற மாதம் கிடைத்தது. மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, அவருடைய முகத்துக்கு முன்னால் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு விடைத்தாள்தான். பத்தாம் வகுப்பு, இரண்டாம் தவணை. உலகப்படத்தில் தை மாதச் சமவெப்பக் கோடுகளை, அதாவது ஒரே வெப்பநிலை உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைக் கீறச் சொன்ன வினா.

பூமத்திய ரேகையில் வெப்பம் கூட, துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறையும் என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால் ஒரே அகலக்கோட்டில் உள்ள இடங்களுக்கெல்லாம் ஒரே வெப்பந்தானே? அடிமட்டத்தை வைத்து மேற்கிலிருந்து கிழக்காக எட்டுக் கோடுகள் இழுத்தேன். அழித்த அடையாளம்கூட இல்லாத தாள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மூன்றாம் பாடவேளை சேர் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்தார். “இவரின்ர பூமியில கடலும் இல்லை, தரையும் இல்லை. ஒரே சீமெந்து நிலம்.” வகுப்பே சிரித்தது. என்னை எழுந்து நிற்கச் சொன்னார். மணி அடிக்கும் வரை நின்றேன். அந்தச் சிரிப்பு நெடுநாள் காதுக்குள் கிடந்தது. இன்று யோசித்தாலும் அவர் அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றுதான் படுகிறது.

ஆனால் நின்றபடியே நான் கேட்ட பாடம் போல வேறொன்றை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

முதலில் டோர்ச் லைற்றை மேசையில் நேராகப் பிடித்தார். வட்டமாக வெளிச்சம். பிறகு அதையே 60 பாகை சரித்துப் பிடித்தார். வட்டம் நீண்டு, இரண்டு மடங்கு இடத்தில் மங்கலாகப் பரவியது. சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே நிற்கும் நாளின் நண்பகலில் 60 பாகை அகலக்கோட்டுக்குக் கிடைக்கும் ஒளி அவ்வளவுதான் என்றார். “இவ்வளவும் இவருக்குத் தெரியும். அந்த வெப்பம் விழுந்த பிறகு என்ன நடக்குது எண்டதுதான் தெரியாது.”

விழுந்த பிறகு நடப்பது நீரின் கதை. ஒரு கிலோ உலர்ந்த மணலை ஒரு பாகை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு, ஒரு கிலோ நீருக்கு வேண்டும். ஒளி தரையில் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. கடலில் ஆழம் வரை இறங்குகிறது, அலையும் அதைக் கலக்கிவிடுகிறது. அதனால் கடல் மெல்லச் சூடேறி மெல்லவே ஆறும். கோடை முழுவதும் சேர்த்து வைத்ததை மாரியில் காற்றுக்குக் கொடுக்கும்.

பிறகு வெண்கட்டியை எடுத்தார். தை மாதத்துச் சுழியம் பாகைக் கோடு வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், 40 பாகையை ஒட்டிப் புறப்பட்டது. அத்திலாந்திக்கில் ஏறியது, ஏறியது. சேர் குதிக்காலைத் தூக்கி, கையை எட்டி நீட்டி, நோர்வேக் கரையோரம் ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே கொண்டுபோய் விட்டு, அங்கிருந்து ஐரோப்பாவுக்குள் சரேலென்று கீழே இழுத்தார். சட்டைக் கையெல்லாம் வெண்கட்டித் தூள். நோர்வேயின் பேர்கன் 60 பாகை வடக்கு, சைபீரியாவின் யாகுட்ஸ்க் 62 பாகை என்று இரண்டு புள்ளி வைத்தார். முன்னதில் தை மாதச் சராசரி சுழியத்துக்குச் சற்று மேலே. மற்றதில் −38ஐ ஒட்டி. ஒன்றுக்கு வெப்ப நீரோட்டமும், அதைக் கடந்து மேற்கிலிருந்து வரும் காற்றும். மற்றதைச் சுற்றி எல்லாப் பக்கமும் தரை.

“அப்ப மலை, சேர்?” என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். கிளிமஞ்சாரோ பூமத்திய ரேகைக்கு 3 பாகை தெற்கேதான். ஆனாலும் 5,895 மீற்றர் உயர உச்சியில் பனிக்கட்டி. காற்று பெரும்பாலும் தரையிலிருந்துதான் சூடேறுகிறது, மேலெழும்போது விரிந்து குளிர்கிறது, சராசரியாக 1,000 மீற்றருக்கு 6.5 பாகை குறையும் என்றார். “ஆனா மலையை இந்தக் கோட்டில தேடாதேங்கோ. கடல்மட்டத்துக்குக் கணக்குப் பார்த்துப் போட்டுத்தான் கீறுறது.”

மணி அடிக்கும் நேரம் என் தாளைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார். “தெற்கில 50 பாகைக்குக் கீழ இவர் சரி. அங்க சுத்திவரக் கடல். கோடு கிட்டத்தட்ட நேராத்தான் போகும்.” என் கோடுகளில் கீழே இருந்த இரண்டுக்கும் சிவப்பு மையால் சரி போட்டிருந்தார். வீட்டில் அதைப் பார்த்தும் மனம் ஆறவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு, பிறகு நாட்டையும் விட்டுப் புறப்பட்டபோது அவரிடம் சொல்லிக்கொள்ளப் போகவில்லை.

கடைசியில் வந்து சேர்ந்தது அவர் புள்ளி வைத்த பேர்கனுக்கு. முதல் தை மாதம் துறைமுகத்தில் நின்றேன். 60 பாகை வடக்கு, நண்பகலிலும் தாழ்ந்து கிடக்கும் சூரியன். தண்ணீர் உறையவில்லை, மழை தூறிக்கொண்டிருந்தது. சேர் எட்டிக் கீறிய கோடு என் தலைக்கு மேலே, எங்கோ வடக்கே போய்க்கொண்டிருந்தது.

இங்கே நான் கண்ட ஒன்றை அவரிடம் கேட்க ஆசைப்பட்டேன். காற்று அசையாத, முகிலில்லாத மாரி இரவுகளில் பள்ளத்தாக்கின் அடியில் எல்லாம் உறைந்து கிடக்கும்; மேலே மலைச்சரிவில் உறைவதில்லை. உயரப் போகக் குளிரும் என்றீர்களே சேர்? எழுதிக் கேட்கலாம், அடுத்த வருடம் நேரே போய்க் கேட்கலாம் என்று முப்பது வருடம் போய்விட்டது. விடையைப் பிறகு நானே படித்து அறிந்தேன்: தரை வெப்பத்தை இழக்கிறது, அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்துச் சரிவு வழியே வழிந்து அடியில் தேங்குகிறது. ஆனால் அதை அவர் மேசையில் எதை வைத்துக் காட்டியிருப்பார் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.