வேற நெட்வொர்க்ல இருக்குற டேட்டாபேஸுக்குள்ள லாகின் பண்றது

டேட்டாபேஸ் சர்வர் ஒரு நெட்வொர்க்ல, நாம உக்காந்திருக்குறது இன்னொரு நெட்வொர்க்ல, லாகின் ஆகலன்னா முக்காவாசி பேரு முதல்ல பாஸ்வேர்டத்தான் சந்தேகப்படுறாங்க. பாஸ்வேர்ட மாத்துவாங்க, யூசர டெலீட் பண்ணி திரும்ப உருவாக்குவாங்க, எல்லா பர்மிஷனையும் அள்ளிக் கொடுப்பாங்க, கடைசில பார்த்தா அந்த பாஸ்வேர்ட் இவங்க கம்ப்யூட்டர விட்டு வெளியவே போயிருக்காது. அதனால யாரு என்கிட்ட இத கேட்டாலும் நான் முதல்ல கேக்குறது ஒண்ணுதான், எர்ரர் மெசேஜ்ல என்ன எழுதியிருக்குன்னு அப்படியே படிச்சு சொல்லுங்க.

ரொம்ப நேரம் சும்மா நின்னுட்டு அப்புறம் டைம்அவுட்னு வந்தா, நம்ம பேக்கெட் (நெட்வொர்க்ல போற தகவல் துண்டு) போற வழியில எங்கயோ காணாம போகுதுன்னு அர்த்தம், பெரும்பாலும் நடுவுல ஒரு ஃபயர்வால் (எத உள்ள விடலாம்னு வடிகட்டுறது) சத்தமில்லாம தூக்கிப் போடுது, இல்லனா அந்த நெட்வொர்க்குக்கு ரூட்டே இல்ல. கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு உடனே வந்தா அது எவ்வளவோ பரவாயில்ல, மெஷின் வரைக்கும் போயாச்சு, அந்த போர்ட்ல (சர்வர்ல ஒரு சர்வீஸ் கேட்டுட்டிருக்குற வாசல் நம்பர்) கேக்க ஆள் இல்ல அவ்வளவுதான் (சில ஃபயர்வாலும் இதே மாதிரி பதில் சொல்லும், அதையும் மனசுல வச்சுக்கணும்). ஆக்சஸ் டினைடுன்னு வந்தாத்தான் டேட்டாபேஸே நம்மகிட்ட பேசியிருக்கு, யூசர், பாஸ்வேர்ட் பக்கம் போக வேண்டியது அப்போதான்.

ரெஃப்யூஸ்டு ஏன் அடிக்கடி வருதுன்னா, போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ இன்ஸ்டால் பண்ணா டீஃபால்ட்டா லோக்கல்ஹோஸ்ட்ல, அதாவது அதே மெஷினுக்குள்ள இருந்து வர்றத மட்டும்தான் கேக்கும், உபுண்டு லினக்ஸ்ல வர்ற மைஎஸ்கியூஎல்ங்கற டேட்டாபேஸும் 127.0.0.1ல (லோக்கல்ஹோஸ்ட்டோட ஐபி நம்பர்) மட்டும்தான். சர்வருக்குள்ளயே போய் டெஸ்ட் பண்ணா அருமையா ஓடும், வெளியில இருந்து வந்தா போஸ்ட்கிரெஸோட போர்ட் 5432லயும் மைஎஸ்கியூஎல்லோட 3306லயும் யாருமே இல்லாத மாதிரி தெரியும். சர்வரோட உள் நெட்வொர்க் ஐபியில கேக்குற மாதிரி செட்டிங்க மாத்தணும், மாத்திட்டு சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணணும், போஸ்ட்கிரெஸ்ல இதுக்கு வெறும் ரீலோட் பத்தாது.

அடுத்தது நிறைய பேர் மாட்டிக்கிற இடம். மைஎஸ்கியூஎல்ல அக்கவுண்ட்னா யூசர் பேரு மட்டும் இல்ல, எந்த ஹோஸ்ட்ல இருந்து வர்றாருங்கறதும் சேந்ததுதான் அக்கவுண்ட். லோக்கல்ஹோஸ்ட்டுக்குன்னு உருவாக்குன யூசர் வெளியில இருந்து வந்தா மைஎஸ்கியூஎல்லுக்கு அவர் வேற ஆளு. இதுல இன்னொரு சிக்கல், நடுவுல நாட் (NAT, வெளிய போகும்போது நம்ம ஐபிய மாத்தி விடுறது) இருந்தா சர்வர் பாக்குறது நம்ம லேப்டாப் ஐபிய இல்ல, அப்படி மாத்துற கேட்வேயோட ஐபிய. நாம 192.168ன்னு ஆரம்பிக்கிற நம்ம ஐபிய அனுமதிச்சு வச்சிருப்போம், அந்தப் பக்கம் வந்து நிக்குறது வேற நம்பர். மைஎஸ்கியூஎல்ல எர்ரர் 1130 (இந்த ஹோஸ்ட்டுக்கு அனுமதி இல்ல) வந்துச்சுன்னா அந்த மெசேஜ்லயே பொதுவா சர்வர் பாத்த ஐபி இருக்கும், அத எடுத்து போடுங்க, ஊகிக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸும் ஹெச்பிஏ ஃபைல்ல (யாரு எங்க இருந்து வரலாம்னு எழுதி வைக்குற pg_hba.conf) உங்களுக்கு என்ட்ரி இல்லன்னு சொல்லும்போதே அந்த ஐபிய சேத்து சொல்லிடும். அந்த ஃபைல மேல இருந்து கீழ படிக்கும்போது முதல்ல பொருந்துற வரிதான் கணக்கு, அதுல ஃபெயில் ஆனா அடுத்த வரிக்கு போகாது, அதனால மேலயே ஒரு வரி பொருந்தும்போது புது வரிய கடைசில சேத்துட்டு ஏன் வேலை செய்யலன்னு தேடுறதுல பிரயோஜனம் இல்ல.

இவ்வளவு தொல்லை எதுக்கு, போர்ட்ட இன்டர்நெட்டுக்கே திறந்து விட்டுடலாம்னு ஒரு யோசனை எப்பவும் யாராவது சொல்லுவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். 2003 ஜனவரி 25 அன்னிக்கு ஸ்லாமர்னு ஒரு வோர்ம் (தானாவே பரவுற வைரஸ் மாதிரி ப்ரோக்ராம்) மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரோட யூடிபி 1434 போர்ட் வழியா பரவுச்சு, 376 பைட் இருக்குற ஒரே ஒரு பேக்கெட், பத்து நிமிஷத்துல கிட்டத்தட்ட 75,000 மெஷின் மாட்டுச்சு, அதுக்கான பேட்ச் 2002 ஜூலைலயே வந்திருந்தும். லாகினே தேவைப்படல, போர்ட் வெளிய தெரிஞ்சதே போதுமா இருந்துச்சு.

நான் நம்புறது எஸ்எஸ்ஹெச் டனல்தான், அதாவது இன்னொரு மெஷினுக்கு போடுற பாதுகாப்பான கனெக்‌ஷனுக்குள்ளயே டேட்டாபேஸ் ட்ராஃபிக்கையும் அனுப்புறது. ரெண்டு நெட்வொர்க்குக்கும் எட்டுற ஒரு ஜம்ப் சர்வர் இருந்தா போதும், என் லேப்டாப்ல 3307ன்னு ஒரு போர்ட் திறந்து அதுல வர்றதெல்லாம் ஜம்ப் சர்வர் வழியா டேட்டாபேஸோட 3306க்கு போற மாதிரி வச்சுக்கலாம். டனல்ல கொடுக்குற டேட்டாபேஸ் அட்ரஸ் ஜம்ப் சர்வர் கண்ணுக்கு தெரியுற அட்ரஸா இருக்கணும், நம்ம பக்கத்துல அது தெரியணும்னு அவசியமே இல்ல, இத புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும். அப்புறம் லினக்ஸ்லயோ மேக்லயோ மைஎஸ்கியூஎல் க்ளையன்ட்டுக்கு லோக்கல்ஹோஸ்ட்னு கொடுத்தா அது போர்ட்ட கண்டுக்காம நம்ம மெஷின்ல இருக்குற சாக்கெட்டுக்கு (நெட்வொர்க் இல்லாம அதே மெஷினுக்குள்ள பேசிக்கிற வழி) போயிடும், டனல் பக்கமே போகாது, லோக்கல்ல இன்னொரு மைஎஸ்கியூஎல் ஓடிட்டிருந்தா அதுக்குள்ளயே லாகின் ஆகிடும், ப்ரொடக்‌ஷன்னு நினைச்சுக்கிட்டு அங்க ஏதாவது செய்யறது எவ்வளவு ஆபத்து. 127.0.0.1ன்னு நம்பராவே கொடுங்க.

போஸ்ட்கிரெஸ்ல சர்வரோட சர்டிஃபிகேட்ட (இது நிஜ சர்வர்தான்னு காட்டுற டிஜிட்டல் சான்று) முழுசா சரிபாக்குற மோட் போட்டிருந்தா டனல் வழியா போகும்போது பேரு பொருந்தலன்னு நின்னுடும், ஏன்னா நாம கூப்பிடுறது 127.0.0.1, சர்டிஃபிகேட்ல இருக்குறது சர்வரோட நிஜப் பேரு. இதுக்காக சரிபாக்குறதையே ஆஃப் பண்றவங்கள நிறைய பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும். ஹோஸ்ட்ங்கற இடத்துல நிஜப் பேரையும் ஹோஸ்ட்அட்ரஸ்ங்கற இடத்துல 127.0.0.1ஐயும் தனித்தனியா கொடுத்தா போதும், போஸ்ட்கிரெஸ் க்ளையன்ட் லைப்ரரி ரெண்டையும் ஏத்துக்கும்.

எஸ்கியூஎல் சர்வருக்கு விண்டோஸ் யூசராவே லாகின் பண்ற பக்கம் கதை வேற. ரெண்டு டொமைனுக்கும் (ஒரு நிறுவனத்தோட யூசர்களையும் மெஷின்களையும் சேத்து நிர்வகிக்குற அமைப்பு) நடுவுல ட்ரஸ்ட் இல்லனா விண்டோஸ் லாகின் 18452னு எர்ரர் கொடுத்து திருப்பி அனுப்பிடும். அப்போ ரன்ஆஸ் கமாண்ட்ல நெட்ஒன்லின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அந்தப் பக்க டொமைன் யூசர் பேரோட எஸ்கியூஎல் சர்வர்ல வேலை செய்யுற மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவ திறக்கலாம். திறந்ததும் லாகின் பாக்ஸ்ல நம்ம பழைய பேரேதான் தெரியும், அத பாத்து வேலை செய்யலன்னு மூடிடாதீங்க, நெட்வொர்க்ல போறது நாம கொடுத்த பேருதான். நேம்டு இன்ஸ்டன்ஸா (ஒரு மெஷின்ல தனிப் பேர்ல ஓடுற எஸ்கியூஎல் சர்வர்) இருந்தா சர்வர் பேருக்கு அப்புறம் ஒரு கமா போட்டு போர்ட் நம்பர கொடுத்துடுங்க, போர்ட்ட தேடிச் சொல்ற 1434ஐ நம்பி இருக்க வேண்டாம்.

விபிஎன் (வெளியில இருந்தே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள சேர்ற வழி) போட்டும் டைம்அவுட் வருதுன்னா ரெண்டு பக்கத்து ஐபி ரேஞ்சையும் பாருங்க. வீட்டு ரவுட்டரும் 192.168.1, ஆபீஸ் நெட்வொர்க்கும் 192.168.1னு இருந்தா பேக்கெட் விபிஎன்குள்ளயே போகாம வீட்டுக்குள்ளயே அந்த ஐபிய தேடிட்டிருக்கும். வீட்டு ரவுட்டர்ல ரேஞ்ச மாத்துறதுதான் இதுல சுலபம்.