அப்பியா சாலைக்கு அடியில் ஒரு சின்ன அறை

வத்திக்கான் பேராலயத்தைச் சுற்றிப் பார்த்த மறுநாள், ரோமின் தெற்கே அப்பியா சாலைக்கு 118ஆம் எண் பேருந்தில் போனேன். ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கித் தொலைத்தேன். அந்தப் பழைய சாலையில் நடைபாதை பெயருக்குக்கூட இல்லை. முழங்கையை உரசுகிற மாதிரி கார்கள் போக, மதிலை ஒட்டியபடியே திரும்பி நடந்தேன்.

புனித கலிஸ்துவின் நிலத்தடிக் கல்லறைகளுக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். போட்டோ எடுக்கவும் கூடாது. வெளியே கொளுத்தும் வெயில். படியிறங்கியதும் கிணற்றுக்குள் போன குளிர். இரண்டு பக்கச் சுவரிலும் ரயில் பெர்த் மாதிரி அடுக்கடுக்காக வெட்டிய குழிகள்.

நான் பார்க்க வந்தது ஓர் அறையை. 3ஆம் நூற்றாண்டில் ரோமின் ஆயர்கள், அதாவது பிஷப்புகள், ஒன்பது பேரை அடக்கம் செய்த இடம். தொல்லியலாளர் தெ ரோஸ்ஸி 1854இல் கண்டுபிடித்தார். ரோமின் ஆயரைத்தான் இன்று போப் என்கிறோம், அதனால் 'போப்புகளின் அறை' என்கிறார்கள். முந்தின நாள் பார்த்த பேராலயத்தின் நடுத்தூண் ஒன்றுக்குள்ளேயே இது அடங்கிவிடும்.

சுவரில் உடைந்த பளிங்குப் பலகைகள். எழுத்து லத்தீன் அல்ல, கிரேக்கம். ஒன்றில் 'ஃபாபியானோஸ்' என்ற பெயர், பக்கத்தில் 'எபி'. மேற்பார்வையாளர் என்று பொருள்படும் 'எபிஸ்கோபோஸ்' என்பதன் சுருக்கம் அது. நம் வழக்கில் ஆயர். அதன் பின்னால் மறைசாட்சி, அதாவது நம்பிக்கைக்காக உயிர்விட்டவர், என்பதற்கு ஒரு குறி, ஆழம் குறைவாக. பிற்பாடு சேர்த்தது. அவ்வளவுதான், வேறு பட்டம் எதுவும் இல்லை.

அந்த ஃபாபியன், பேரரசர் தேசியுஸ் காலத்தில் 250 ஜனவரியில் இறந்தார். அதன்பின் ஓராண்டுக்கு மேல் ரோமுக்கு ஆயரே கிடையாது. குருக்களும், அவர்களுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்களான தியாக்கோன்களுமே சபையை நடத்தினார்கள். அந்தச் சமயம் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியானுக்கு அவர்கள் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் 'பாப்பா' என்று விளிப்பது சிப்ரியானை! நமக்குப் பாப்பா குழந்தை, அவர்களுக்கு அப்பா. போப் என்ற சொல் அப்போது ரோமுக்கு மட்டும் சொந்தமில்லை. பேதுருவே முதல் போப் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. சரி, ஆனால் 180 வாக்கில் லியோன் நகர ஆயர் இரேனேயுஸ் தந்த ரோம் ஆயர்களின் பட்டியல்கூட பேதுரு, பவுல் இருவரையும் சொல்லிவிட்டு, அவர்கள் லீனுஸ் என்பவரிடம் ஆயர் பொறுப்பை ஒப்படைத்ததாகத்தான் தொடங்குகிறது.

ரோமின் ஆயரைப் 'பாப்பா' என்று குறிக்கும் மிகப் பழைய கல்வெட்டு இதே கல்லறைச் சுரங்கத்தில் கிடைத்ததுதான். 300ஆம் ஆண்டை ஒட்டியது. ஏதோ பெரிய சாசனம் என்று நினைக்க வேண்டாம். செவேருஸ் என்ற தியாக்கோன், தன் பாப்பா மார்செல்லினுஸின் உத்தரவுப்படி தனக்கும் தன் குடும்பத்துக்கும் வெளிச்சத் துவாரத்தோடு இரட்டை அறை வெட்டிக்கொண்டதாகச் சொல்கிறார். கிட்டத்தட்ட பிளான் அப்ரூவல்.

ஆயர்கள் அறையின் முன்சுவரில் 4ஆம் நூற்றாண்டில் போப் தமாசுஸ் வைத்த கவிதை இருக்கிறது. தானும் இங்கேயே அடங்க ஆசைப்பட்டதாகவும், புனிதர்களின் சாம்பலைத் தொந்தரவு செய்ய அஞ்சியதாகவும் முடித்திருக்கிறார். வழிகாட்டி அந்த வரிக்கு வரும்போதே பின்னால் ஒரு ஜெர்மன் குழு வந்து நின்றது. ஒதுங்க இடமில்லை. நாங்கள் வெளியேறினோம்.