கருவிலேயே வால்வைத் திறக்கும் பலூன்

சிசுவின் பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கினால் உடலுக்கு ரத்தம் தள்ளும் இடது கீழறை முதலில் வீங்கும், பிறகு வளர்ச்சி நின்றுவிடும். பிறக்கும்போது கைவசம் பாதி இதயம்தான். அதைத் தடுக்கத்தான் 20 முதல் 30 வாரத்துக்குள் இந்த பலூன் சிகிச்சை. 2000-லிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக் குழு இதைத் தொடர்ந்து செய்துவருகிறது.

ஊசி குத்துவதைவிடப் பெரிய பாடு குழந்தையின் கிடக்கை. இடது மார்பு மேலே பார்த்திருக்க வேண்டும். வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். சிசுவுக்கே வலி தெரியாமலிருக்க ஃபென்டனில், அசையாமலிருக்க வெக்குரோனியம், துடிப்பு இறங்காமலிருக்க அட்ரோபின். அல்ட்ராசவுண்டைப் பார்த்தபடி 18 அல்லது 19 கேஜ் (ஊசி தடிமன்) குழலைத் தாயின் வயிறு தாண்டி, சிசுவின் விலா இடுக்கு வழியே இதய முனைக்குள் இறக்குவார்கள். அதன் நுனி வால்வுக்கு நேராக இல்லையென்றால் பலூனுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி அதைத் தாண்டவே தாண்டாது. பலூன், பெரியவர்களுக்கு ஆஞ்சியோபிளாஸ்டியில் போடும் அதே ரகம். வால்வு வளையத்தைப்போல் சுமார் 1.2 மடங்கு விரியும். எவ்வளவு நீளம் உள்ளே போனால் பலூன் குழலுக்கு வெளியே வரும் என்று முன்கூட்டியே அளந்து குறித்துவைப்பது முக்கியம்.

வேலை முடிந்ததும் பலூனைக் குழலுக்குள் இழுத்தால் அறுந்து துண்டு உள்ளேயே தங்கலாம். இரண்டையும் சேர்த்தே உருவ வேண்டும். துடிப்பு சரிந்தால் அதைத் தூக்கிவிட எபிநெஃப்ரின், இதய உறையில் ரத்தம் தேங்கினால் ஊசியால் உறிஞ்சல். வால்வு கசிந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் பிரசவத்துக்குள் குறைந்துவிடும். ஆனால் வால்வு திறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இடது கீழறை தேறுவதில்லை. பிரசவம் இதய அறுவை வசதியுள்ள இடத்தில்தான்.