நாக்குக்குத் தெரியாத தண்ணி

கொழும்புல, களனி கங்கை கடல்ல விழுற மோதரைப் பக்கம் டேங்க்ல சிங்கி இறால் வச்சு வளக்கிற ஆக்களுக்கு தண்ணிய அளந்து பாக்க சொல்லிக் குடுக்கிறதுதான் என்ட வேலை. முதல் நாள் உப்பு அளக்கிற ரெஃப்ராக்டோமீட்டர வெளிய எடுக்க முன்னமே, அறுபது வயசு தாண்டின ஒரு ஐயா டேங்க்ல விரல விட்டு நாக்குல வச்சிட்டு, "உப்பு குறைஞ்சிட்டு பிள்ளை, களனி கங்கைத் தண்ணி கலந்திருக்கு" எண்டார். ஒரு சொட்டு வச்சுப் பாத்தேன், ஆயிரத்துக்கு 27 பங்கு உப்பு. சாதாரணமா 33, 34 இருக்கணும். மழைக்கு ஆத்துத் தண்ணி பாரம் குறைவா மேலாலதான் பரவும், அதனால டேங்க்குக்கு கடல் தண்ணி இழுக்கிற பைப்ப ஆழத்துல போடணும்னு நான் சொல்ல வந்ததையும் அவரே சொல்லிட்டார்.

அதுக்குப் பிறகு நான் பாடத்த மாத்திட்டேன், நாக்கும் கண்ணும் கண்டுபிடிக்காதத மட்டும் சொல்லிக் குடுப்போம்னு. அமோனியா அப்படித்தான், தின்னாம மிஞ்சின மட்டி, மீன் துண்டு, இறால்ட கழிவு எல்லாத்துல இருந்தும் வரும், ஆனா தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், அமோனியாட மொத்த அளவு கூடாமலே, தண்ணிட காரத்தக் காட்டுற பிஹெச் 7.8-ல இருந்து 8.3-க்கு ஏறினா அதுல விஷமான பகுதி மட்டும் கிட்டத்தட்ட மூணு மடங்காகிடும். ஓடு கழட்டுற நேரத்துல இறால் இதத் தாங்கவே தாங்காது.

ஆனா பிழை ஒண்டு என்னாலயும் நடந்துச்சு. நான் டியூப் லைட் வெளிச்சத்துல அமோனியா பாக்கிற கிட்டோட கலர, மஞ்சள்னா நல்லம், பச்சைன்னா அமோனியா இருக்குன்னு காட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன், அவங்க ஷெட்ல இருந்தது மஞ்சள் பல்ப், அதுக்குக் கீழ பச்சையும் மஞ்சளாத்தான் தெரியும். ஐயா ஒழுங்கா ஒவ்வொரு நாளும் பாத்து "மஞ்சள், நல்லம்"னு கொப்பில எழுதி வச்சிருக்கார், நாலு இறால் செத்துப் போச்சு. அந்தக் கொப்பியப் பாத்தப்போ எனக்கு மனசு சரியில்ல, அவர் நான் சொன்னத அப்படியே செஞ்சவர். அவர் ஏசவும் இல்ல. இப்ப எங்க போனாலும் முதல்ல லைட்டத்தான் பாக்கிறேன், விடிஞ்ச பிறகு வெளிய வெள்ளைப் பேப்பர் பிடிச்சுப் பாருங்கன்னு சொல்றேன்.

போன கிழமை விடிய அஞ்சு மணிக்கு கோல் எடுத்தார். "பிள்ளை, உப்பு 26, பம்ப்ப நிப்பாட்டிட்டன், சேத்து வச்ச தண்ணியத்தான் மூண்டில ஒரு பங்கு மாத்தினன், தீனும் போடேல்ல. அமோனியா பாக்க கிட் முடிஞ்சு போச்சு." நான் அப்பவே ஒரு கிட்ட எடுத்துக்கிட்டு முதல் பஸ்ல போயிட்டேன்.